மழை பெய்யாத ஆட்டங்கள்

கடைசிக்கு முந்தின வரிசையில் தான்யா கையைத் தூக்கினாள்.

அவள் கையைத் தூக்கிப் பேசுகிறவள் அல்ல. சொல்ல வேண்டியது இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அன்று தூக்கியதற்குக் காரணம், அவளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த மனிதர். எங்கள் பள்ளியின் கணிதத் துறை மேற்பார்வையாளர் மிஸ்டர் ஹாலரன். மடியில் ஒரு கிளிப்போர்டு. அதில் என் பெயர் போட்ட படிவம்.

"மிஸஸ் டி, ஒரு ஆட்டம் குறையுது."

கணவர் பெயர் தங்கராஜ். அதை முழுசாகச் சொல்ல வராமல் முதல் வாரத்திலேயே என்னை மிஸஸ் டி ஆக்கிவிட்டார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எந்த ஆட்டம்?"

"நான் பார்த்த ஆட்டம். எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். அந்த வருஷத்து அட்டை எல்லாம் என்கிட்டதான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன். அது இல்ல."

என் கையில் நீளமான மர ஸ்கேல். எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் அவர்கள் வைத்த கறுப்புப் புள்ளிகள். அவற்றின் நடுவே நான் அப்போதுதான் பென்சிலால் போட்டு முடித்த ஒரு கோடு. பாடம் முடிய இருபது நிமிடம் இருந்தது.

மூன்றாவது முறை

"அமெரிக்காவில் டீச்சர் வேலைக்கு அத்தனை கெடுபிடியா?" என்று என் போன கட்டுரையைப் படித்த இரண்டு வாசகிகள் கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில், என்னைப் போல எம்.எஸ்ஸி. புள்ளியியல் மட்டும் படித்து பி.எட். படிக்காதவர்கள் ஆசிரியராவதற்கு ஒரு பக்கவழி உண்டு. தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு வருடம் பாடம் நடத்த வேண்டும். மேற்பார்வையாளர் மூன்று தடவை வகுப்பில் வந்து உட்காருவார். தேறினால் நிரந்தரச் சான்றிதழ். தேறாவிட்டால் செப்டம்பரில் அந்த வகுப்பறைச் சாவி வேறொருவர் கையில்.

முதல் தடவை அவர் எழுதியது: பலகையைப் பார்த்தே பேசுகிறார். இரண்டாவது தடவை எழுதியது: மாணவர்களைப் பார்க்கிறார், ஆனால் மாணவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. இரண்டுமே உண்மை. இது மூன்றாவது.

இதற்கு முன் நான்கு வருடம், கணவரின் விசாவில் வந்தவள் என்பதால் வேலை பார்க்க அனுமதியில்லாமல், எடிசனில் ஒரு மாடி அபார்ட்மெண்டில் இருந்தேன். கிரீன் கார்டு வந்த அன்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினேன். ஒன்று, டிரைவிங் லைசென்ஸ். இரண்டு, வேலை. மூன்று, அந்த வேலை நிலைப்பது. முதல் இரண்டையும் அடித்தாகிவிட்டது. மூன்றாவது மட்டும் அப்படியே இருந்தது. தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படும்.

ஏன் கூடைப்பந்து

எனக்குக் கொடுத்தது நாளின் கடைசி வகுப்பு. இருபத்துமூன்று பேர். வேறு கணக்குப் பாடம் எதிலும் இடம் கிடைக்காதவர்கள். கிடைத்தாலும் வேண்டாம் என்றவர்கள். பாடப்புத்தகத்தில் பல்புகளின் ஆயுட்காலம் இருந்தது. பல்பு எப்போது அணையும் என்று அவர்களுக்குக் கவலையில்லை. மணி எப்போது அடிக்கும் என்பதுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மார்க்கஸ் என்ற பையன் புத்தகத்துக்குள் ஒரு தாளை ஒளித்து வைத்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். குடும்ப வம்சாவளி போலக் கிளை கிளையாகக் கோடுகள்.

"என்னது இது?"

"காலேஜ் பாஸ்கெட்பால், மிஸஸ் டி. அறுபத்துநாலு டீம். தோத்தா வீட்டுக்கு. யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே எழுதணும்."

நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதினாறு அணிகளுக்கு ஒன்று முதல் பதினாறு வரை தரவரிசை எண் கொடுத்திருந்தார்கள். ஒன்றாம் எண் பதினாறோடு மோதும், இரண்டு பதினைந்தோடு. பின்னக் கணக்கில் தடுமாறுகிற மார்க்கஸ், ஐந்தாம் எண் அணியை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று ஐந்து நிமிடம் எனக்கு விளக்கினான். அவன் பேசியது முழுக்க நிகழ்தகவு. அந்தச் சொல் மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

அன்றே பல்புகளை விட்டேன். கேள்வி எளிது: தரவரிசை எண்ணில் இடைவெளி கூடக் கூட, ஜெயிக்கும் புள்ளி வித்தியாசமும் கூடுமா? கூடுமென்றால் எவ்வளவு?

பல வருட ஆட்டங்கள் வேண்டும். பள்ளியில் இணையத்துக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் கிடைத்தது அண்மைய ஆட்டங்கள் மட்டும். நூலகத்தில் பழைய செய்தித்தாளைப் படச்சுருளில் காட்டும் இயந்திரம் பழுது; கோடை முடிந்துதான் சரியாகும் என்றார்கள்.

அதனால் சர்ச் ஆட்களிடம் போனேன்.

பழைய பேப்பர்காரன் வராத ஊர்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தமிழ்ச் சபைக் குடும்பங்கள் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடும். ஜெபம் முடிந்து டீ வரும் நேரத்தில் கேட்டேன்: "யாராவது பழைய நியூஸ் பேப்பர் வச்சிருக்கீங்களா? மார்ச் மாசம். எந்த வருஷம்னாலும் சரி."

எல்லோரும் ரோஸ்லின் ஆன்ட்டியைப் பார்த்தார்கள்.

ரோஸ்லின் ஆன்ட்டிக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம்; அந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனையில் நர்ஸ். அவர்கள் வீட்டு பேஸ்மெண்டுக்கு என்னை அழைத்துப்போய் லைட்டைப் போட்டார்கள். சுவர் உயரத்துக்குச் செய்தித்தாள். வருடவாரியாகச் சணல் கயிறு கட்டி.

"என்ன ஆன்ட்டி இது?"

"வந்த புதுசுல பழைய பேப்பர்காரன் வருவான்னு சேத்து வச்சேன், மக்களே. பதினொரு வருசமா வரல்ல."

"ரீசைக்கிளிங்குக்குப் போடலாமில்ல?"

"சும்மாவா?" என்றார்கள்.

ஆன்ட்டியின் கணவர் எட்வின் அங்கிள் படிக்கட்டிலிருந்து சொன்னார்: "நான் ஒரு எழுத்து விடாம வாசிப்பேன் கேட்டியா. ஸ்போர்ட்ஸ் மட்டும் தொடமாட்டேன்."

உண்மைதான். விளையாட்டுப் பக்கங்கள் கடைப்புடவை போல மடிப்புக் கலையாமல் இருந்தன. தாளின் மணத்தோடு கொஞ்சம் ஊறுகாய் மணமும் வந்தது.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காலைப் பேப்பரை மட்டும் எடுத்தேன். தினமும் பள்ளி விட்டு வந்து அபார்ட்மெண்டில் உட்கார்ந்து ஆட்டத்துக்கு ஓர் அட்டை எழுதினேன். இரண்டு அணிகள், இரண்டு எண்கள், இரண்டு ஸ்கோர்.

சில ஆட்டங்களுக்கு ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறு கோடு இருந்தது. கணவரிடம் கேட்டேன். "ஏங்க, ஸ்கோருக்குப் பதிலா கோடு போட்டிருந்தா என்ன அர்த்தம்?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நோ ரிசல்ட்டா இருக்கும். மழை."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாங்கள் இருவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். மழை வந்தால் ஆட்டம் நிற்கும், முடிவு இல்லை என்று போடுவார்கள். தோற்றவர் வெளியேற வேண்டிய போட்டியில் அடுத்த சுற்றுக்கு யார் போவது? காசு சுண்டிப் போடுவார்களாயிருக்கும். எனக்கு வேண்டியது புள்ளி வித்தியாசம். அது இல்லாத அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைத்தேன். நிம்மதியாக.

அதுவரை நான் ஒரு கூடைப்பந்து ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பூட்டிய வீடுகள்

இந்தத் தவறு எனக்குப் புதிதல்ல. அதுதான் வெட்கம்.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் நாகர்கோவில் பக்கம் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு செய்தேன். குழந்தைகளுக்கு நாளுக்கு எவ்வளவு பால் வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு. பூட்டியிருந்தால் அடுத்த வீடு. ஆய்வு நெறியாளர் அப்படித்தான் சொன்னார்; நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரு தெருவில் வரிசையாகப் பூட்டு. திண்டுக்கல் பூட்டு, பித்தளைப் பூட்டு, ஒரு வீட்டில் கயிறு மட்டும். அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். ஆய்வேட்டுக்கு முதல் வகுப்பு கிடைத்தது.

சில மாதம் கழித்து அதே தெரு வழியாகச் சாயங்காலம் பஸ்ஸில் போனேன். எல்லாக் கதவும் திறந்திருந்தது. முந்திரி ஆலையிலிருந்து திரும்பிய பெண்கள் வாசலில் உட்கார்ந்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஆய்வேட்டில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. விடியும் முன் வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகள் எவ்வளவு பால் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதாமல், மாவட்டம் முழுவதற்கும் சராசரி எழுதியிருந்தேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

கூரை

தான்யாவின் கை இன்னும் இறங்கவில்லை. மிஸ்டர் ஹாலரனின் பேனா நின்றிருந்தது.

"நல்ல கேள்வி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருக்கலாம். உலகமெங்கும் ஆசிரியர்கள் கைவசம் வைத்திருக்கும் வாக்கியம். பலகையில் நானே காலையில் எழுதி வைத்திருந்தேன்: இன்றைய நோக்கம், கோட்டை வைத்து ஓர் ஆட்டத்தின் முடிவைக் கணிப்பது. அதை முடித்தால் படிவத்தில் ஒரு டிக். இருபது நிமிடம் போதும்.

அந்தத் தெருவின் பூட்டுகள் நினைவுக்கு வந்தன.

மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்துத் தான்யாவிடம் கொடுத்தேன். "இதுல இருக்கா பாரு."

நாலாவது அட்டையிலேயே இருந்தது. "இதோ. இதை ஏன் எடுத்து வச்சீங்க?"

"ஆட்டம் பாதியில நின்னுடுச்சுன்னு நினைச்சேன். மழையால."



"மழையா?" என்றாள் தான்யா. "மிஸஸ் டி, மேல கூரை இருக்கு."

மார்க்கஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. பிறகு இருபத்துமூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. பின்சுவர்ப் பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை.

"சரி," என்றேன். "சிரிச்சு முடிச்சவங்க ஆளுக்கு ரெண்டு அட்டை எடுங்க. ஸ்கோர் இல்லாத இந்த ஆட்டங்களுக்குள்ள ஏதாவது ஒற்றுமை இருக்கா?"

கேட்காமலே எழுந்து அட்டைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த வருடத்தில் அதுவரை அவர்கள் கேட்காமல் எழுந்தது மணி அடிக்கும்போது மட்டும்தான்.

மார்க்கஸ்தான் முதலில் சொன்னான். "எல்லாம் மேற்குல நடந்தது. கலிஃபோர்னியா, அரிசோனா, அந்தப் பக்கம்."

"அங்க ரெண்டு மூணு மணி நேரம் பின்னாடி," என்றாள் தான்யா. "ஆட்டம் முடியறப்போ இங்க பேப்பர் அச்சாகிப் போயிருக்கும். ஸ்கோர் எப்படிப் போடுவான்?"

ஆக, நான் தூக்கி வைத்தது ஏதோ சில ஆட்டங்களை அல்ல, ஒரு திசையையே. சார்ட் தாளின் பக்கம் திரும்பி, ரப்பரை எடுத்து, நான் போட்ட கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழித்தேன். ரப்பர் துகள் என் கறுப்புப் பாவாடையில் உதிர்ந்தது. அழுத்தி வரைந்திருந்ததால் தடம் மட்டும் போகவில்லை.

மணி அடித்தது.

கடிதம்

மறுநாள் காலை மிஸ்டர் ஹாலரன் தன் அறையில் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். கணிப்பது நோக்கம் என்று எழுதியிருந்தீர்கள். யாரும் கணிக்கவில்லை."

"ஆமாம்."

"நோக்கம் நிறைவேறவில்லை என்று எழுதியிருக்கிறேன்."

"அது சரிதான்."

அவர் மறுப்பை எதிர்பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். "மிஸஸ் தங்கராஜ், இது மூன்றாவது. உங்களுக்குத் தெரியும்."

"நான்காவது முறை பார்க்கச் சொல்லி ஆசிரியரே எழுத்தில் கேட்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது." ஃபைலிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். முந்தின நாள் சாயங்காலமே எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்திருந்தேன். "அடுத்த வியாழன். அதே வகுப்பு, அதே நோக்கம்."

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதுவரை யாரும் கேட்டதில்லை," என்றார். தேதியைக் குறித்துக்கொண்டார்.

எண்ணெய் டின்னுக்கு அடியில்

இரவில் முடிந்த ஆட்டத்தின் ஸ்கோரை, மறுநாளுக்கும் அடுத்த நாள் பேப்பரில் மூலையில் பொடி எழுத்தில் போடுவார்கள். இதையும் தான்யாதான் சொன்னாள். சனிக்கிழமை மறுபடி ரோஸ்லின் ஆன்ட்டி வீடு. கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மழை என்று சொன்ன பாவம் அவரையும் சேரும்.

மதியத்துக்குள் பேஸ்மெண்டில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன. ஒரே ஒரு நாள் பேப்பர் மட்டும் இல்லை. தான்யாவின் ஆட்டம்.

"ஆன்ட்டி, இந்தத் தேதி மட்டும் காணல."

ஆன்ட்டி யோசித்தார்கள். "அது இந்த வீட்டுக்கு வந்த மாசமாக்கும். அடுக்களை ஷெல்ஃபுக்கு விரிச்சிருப்பேன்."

"இன்னுமா இருக்கும்?"

"மத்ததெல்லாம் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் மாத்துவேன். எண்ணெய் டின்னை யாரு தூக்குவா? அங்கிள் தூக்குவாவோ?"

அங்கிள் சத்தம் காட்டாமல் மாடிக்குப் போனார்.

கணவர் தூக்கினார். அடியில் தாள் இருந்தது, தேதியும் சரி. ஆனால் பல வருடத்துத் தேங்காய் எண்ணெய் ஊறி அது கண்ணாடி போல ஆகியிருந்தது. பின்பக்க எழுத்து முன்பக்க எழுத்தோடு கலந்துவிட்டது. ஜெயித்த அணியின் பெயர் தெரிந்தது. இரண்டு ஸ்கோரிலும் முதல் இலக்கம் தெரிந்தது. கடைசி இலக்கங்கள் எண்ணெய்க்குள் போய்விட்டன.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கவிழ்த்துப் பார்த்தோம்.

"எட்டு மாதிரி இருக்கே," என்றார் கணவர்.

"நீங்க சொல்லாதீங்க."

"ஏதாவது ஒண்ணு போட்டுக்கோயேன், மக்களே," என்றார்கள் ஆன்ட்டி. "ஒரு அட்டைதானே. யாரு வந்து பாக்கப் போறா?"

தாளை நான்காக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

வெற்று வட்டம்

வியாழக்கிழமை. அதே சுவர், அதே கிளிப்போர்டு. மேற்கின் ஆட்டங்களைப் பிள்ளைகள் சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்து முடித்திருந்தார்கள். கோட்டுக்கான கணக்கையும் அவர்களே போட்டார்கள். இந்தத் தடவை ஸ்கேலைப் பிடித்தது மார்க்கஸ்.

புதுக் கோடு பழைய தடத்தை விட்டு ஒரு விரல் அகலம்கூட விலகவில்லை.

மார்க்கஸ் திரும்பினான். "இதுக்கா ஒரு வாரம்?"

"போன வாரம் இது என் ஊகம்," என்றேன். "இப்போ இது விடை."

அடுத்த சுற்றில் சந்திக்கக்கூடிய இரண்டு அணிகளைச் சொல்லி, புள்ளி வித்தியாசத்தைக் கணிக்கச் சொன்னேன். கணித்தார்கள். எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சொன்னார்கள். நோக்கம் நிறைவேறியது. பத்து நிமிடம் மிச்சம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

எண்ணெய்த் தாளை எடுத்துக் காட்டினேன். "ஒரு ஆட்டம் பாக்கி. ஸ்கோர் படிக்க முடியல."

"ஒரு பாயிண்ட்," என்றாள் தான்யா. "நான்தான் பார்த்தேனே."

"தோத்தது உன் டீம்," என்றான் மார்க்கஸ். "பத்துல தோத்திருந்தாலும் நீ ஒரு பாயிண்ட்னுதான் சொல்லுவே."

"நீ அப்போ எட்டரை மணிக்கே தூங்கிப்போற குழந்தை. உனக்கென்ன தெரியும்?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "ஒன்றுதான்."

எல்லோரும் திரும்பினார்கள். பார்வையிட வருகிறவர் பேசக்கூடாது என்பது விதி. மிஸ்டர் ஹாலரனின் காது மடல் சிவந்திருந்தது. "நானும் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன்," என்றார்.

மேசைகளைத் தட்டினார்கள். தான்யா மார்க்கரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். "ரெண்டு சாட்சி, மிஸஸ் டி. அதுவும் ஒண்ணு அவரு."

என் சான்றிதழ் அவர் மடியில் இருந்தது. அது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"நன்றி, மிஸ்டர் ஹாலரன்," என்றேன். தான்யாவிடமிருந்து மார்க்கரை வாங்கி, ஒன்று என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். உள்ளே நிரப்பவில்லை. "ரெண்டு பேருக்கு ஞாபகம் இருக்கு. தாள் இல்லை. தாள் கிடைக்கிற வரைக்கும் இது வெற்று வட்டம். கோட்டுக் கணக்கில சேர்க்க மாட்டோம்."

"அவரு சொல்லியுமா?" என்றான் மார்க்கஸ், மெதுவாக.

"அவர் சொல்லியும்."

மிஸ்டர் ஹாலரன் குனிந்து எழுதத் தொடங்கினார். மணி அடித்து, பிள்ளைகள் போய், நான் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜூன் மாதம் தபாலில் சான்றிதழ் வந்தது. குளிர்பெட்டிப் பட்டியலில் மூன்றாவதை அடித்தேன். தாளைக் கிழிக்கவில்லை; நான்காவதாக ஒன்று எழுதினேன்: நூலக இயந்திரம்.

ஆகஸ்ட் கடைசியில் அதைச் சரிசெய்தார்கள். படச்சுருளைச் சுழற்றிச் சுழற்றி அந்த நாளில் நிறுத்தினேன். மூலையில் பொடி எழுத்து. ஒரு பாயிண்ட்.

தான்யா அதற்குள் வெளியூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தின் நகலை அவள் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் முதல் நாள், புதுப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய், என் சாவியால் வகுப்பறையைத் திறந்தேன். சார்ட் தாள் சுவரிலேயே இருந்தது, ஓரம் கொஞ்சம் சுருண்டு. சிவப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றி வட்டத்தை நிரப்பினேன்.